திருட்டு ரோடு

அந்தப் பெண்ணுக்குச் சொந்தப் பெயர் என்று ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் மட்டும் குடியிருக்கிறது. காலனியில் எல்லோருக்கும் அவள் காத்தக்காதான். மெயின் ரோட்டு முனையில் பஞ்சர் கடை வைத்து, வருகிற வண்டிகளுக்கெல்லாம் காற்று அடித்துக் கொடுப்பதால் வந்த பெயர். "டயருக்கு முப்பது பவுண்டுதான் அடிக்கும், தனக்குள்ள எப்பவும் அறுபது வெச்சிருக்கும்" என்று எதிர்ப்பக்கத்து டீக்கடைக்காரர் சொல்வார். அவள் காதுபடவே சொல்வார், சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றுகொள்வார்.

கோபக்காரி என்றால் வாய்க்கு வந்தபடி கத்துகிறவள் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவள் கோபத்துக்கு எப்போதும் ஒரு விலாசம் இருக்கும். யார்மேல் கோபமோ அவர் வாசலில் போய்த்தான் இறங்கும். கடை முதலில் அவள் புருஷனுடையது. பின்னால் இருந்த காகித ஆலையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர், ஆலை மூடியதும் ஒரு கம்ப்ரசரையும் தண்ணீர்த் தொட்டியையும் வைத்துப் பிழைப்பைத் தொடங்கினார். பிறகு அவருடைய சிறுநீரகங்கள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. அவர் படுத்தார், அவள் டயர் கழற்றும் லீவரைக் கையில் எடுத்தாள். புதிதாக வருகிற வண்டிக்காரர்கள் அவளைப் பார்த்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்கள், வீட்டுக்காரர் இல்லையா என்று. இருக்கிறார், வேண்டுமானால் கூட்டி வருகிறேன், அவர் உங்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லிக்கொண்டிருப்பார், நான் டயரைக் கழற்றுகிறேன் என்பாள். வண்டிக்காரர் சாவியைக் கொடுத்துவிட்டு ஓரமாகப் போய் நிற்பார்.

இப்போது ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எல்லாத் தலைவலியும் அதில்தான் இருக்கிறது.

காலனி ஒரு ரயில் பாதைக்கும் அந்த ஆலைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட இடம். ரயில் பாதையைத் தாண்ட ஒரு நடைமேம்பாலம் உண்டு, படி ஏறி இறங்க வேண்டும், சைக்கிளைக்கூடத் தோளில்தான் தூக்கிப் போக வேண்டும். ஆலை ஓடிய காலத்தில் ஜனங்கள் ஆலை வாசல் வழியாகவே மெயின் ரோட்டுக்குப் போய் வந்தார்கள். ஆலை மூடியபோது வாசலுக்குப் பூட்டுப் போட்டார்கள். உள்ளே இத்தனை குடும்பம் இருக்கிறதே, இவர்கள் எந்த வழியாக வெளியே போவார்கள் என்று பூட்டுப் போட்டவன் ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் இந்தக் கதையே இல்லை. யோசிக்கவில்லை. சம்பளம் தராதவனுக்கு வழி தர மட்டும் மனசு வருமா?

ஒரு மழைக்காலத்தில் ஆலையின் மதில் ஒரு பக்கம் சரிந்தது. அந்த இடைவெளியைப் பார்த்ததும் காலனிக்காரர்களுக்கு மூச்சு வந்தது. விழுந்த செங்கல்லையே உடைத்துப் பரப்பி, கொதிகலன் பக்கம் மலையாகக் கிடந்த சாம்பலை அதன்மேல் கொட்டி, ஞாயிற்றுக்கிழமை தோறும் சத்தமில்லாமல் ஒரு ரோடு போட்டார்கள். ஆலையின் காவலாளியும் காலனிக்காரர்தான். வேலை நடக்கும் நேரமாகப் பார்த்து அவருக்குத் தலைவலி வந்துவிடும், வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வார். யாருக்கும் தெரியாமல் போட்ட ரோடு என்பதால் அதற்குத் திருட்டு ரோடு என்று பெயர் வந்தது. விளையாட்டாக வைத்ததுதான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. திருட்டு ரோட்டு முனையில் இறங்கிக்கொள் என்று கல்யாணத்துக்கு வருகிற சொந்தக்காரர்களுக்குக்கூடச் சொல்வார்கள்.

நிலம் யாருடையது என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் கை காட்டினார்கள். முதலாளியுடையது என்றார்கள், வங்கியுடையது என்றார்கள், கோர்ட்டில் இருக்கிறது என்றார்கள். நகராட்சிக்காரர்கள் அந்த ரோட்டில் விளக்குக் கம்பம் நட்டார்கள், குப்பை லாரியை ஓட்டினார்கள், அதற்கடியில் தண்ணீர்க் குழாயும் புதைத்தார்கள். தார் போட்டுக் கொடுங்கள் என்று போய்க் கேட்டால் மட்டும், அது எங்கள் ரோடு இல்லையே அம்மா என்று கையை விரித்தார்கள். லாரி ஓட்டும்போது ரோடு, மனுக் கொடுத்தால் ரோடு இல்லை. இந்தக் கண்கட்டு வித்தையைக் கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது?

சிறுநீரகம் போன மனிதருக்கு வாரத்தில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். ஒரு தொண்டு நிறுவனத்தின் ஆம்புலன்ஸ் வந்து கூட்டிப் போகும். ஓட்டுநர்கள் மாறி மாறி வருவார்கள், எல்லோரும் போனில் வழி காட்டுகிற குரலை நம்பியே வண்டி ஓட்டுகிறவர்கள். போனில் இருந்த வரைபடத்தில் ஆலை நிலம் வெறும் சாம்பல் நிறத் திட்டு. ரோடு என்று ஒரு கோடு கிடையாது. அதனால் அந்தக் குரல் வண்டியை நேராக ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, வந்து சேர்ந்துவிட்டீர்கள் என்று சொல்லும். ஒருமுறை மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மனிதரை நாற்காலியோடு தூக்கி நடைமேம்பாலப் படியில் ஏற்றினார்கள். பாதிப் படியில் நாற்காலி சாய்ந்தது. அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "மெதுவா, நான் என்ன லோடா?" என்று சிரிக்கப் பார்த்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

வரைபடத்தைப் பற்றி அவளுக்குச் சொன்னது நாத்தனார். புருஷனின் தங்கை, ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வரவேற்பில் உட்காருகிறவள். யார் வேண்டுமானாலும் வரையலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம் என்று பொதுவில் ஒரு வரைபடம் இருக்கிறது. அவளும் இன்னும் சிலரும் சேர்ந்து விடுமுறை நாட்களில் தெருத் தெருவாக நடந்து அதில் சந்து பொந்தெல்லாம் வரைவார்கள். சம்பளம் கிடையாது, வெயில் மட்டும் உண்டு. காசில்லாமல் கிடைப்பதால் தொண்டு நிறுவனத்து ஆம்புலன்ஸ் ஓடுவதும் அதே வரைபடத்தில்தான். நம் ரோட்டை அதில் போட்டுவிட்டால் வண்டி தானாக வீட்டு வாசலுக்கு வந்துவிடும் அண்ணி என்றாள்.

அவர்கள் கூட்டத்தில் ஒருவர் இருந்தார். எதை வரையப் போனாலும் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்கிற கல்லூரி ஆசிரியர். நாத்தனார் அவருக்குப் பிரேக் என்று பெயர் வைத்திருந்தாள். பிரேக் கடைக்கே வந்து, டயர்களுக்கு நடுவில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பேசினார். சட்டப்படி யாருடையது என்று தெரியாத ரோட்டை வரைபடத்தில் போடுவது வம்பு என்பது அவர் கட்சி. போட்டால் வண்டி வரும், உண்மைதான். ஆனால் நிலத்துக்காரனும் பார்ப்பான், இத்தனை நாள் கவனிக்காமல் இருந்தவன் விழித்துக்கொள்வான், அப்போது அடி வாங்கப் போவது வரைந்தவர்கள் இல்லை, இங்கே குடியிருப்பவர்கள்தான் என்றார். அவர் சொன்னதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"சார், இத்தனை வருஷம் யார் கண்ணுலயும் படாமதான் இருந்தோம். என்ன கிடைச்சுது? என் வீட்டுக்காரரை நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டுப் போனோம், அதான் கிடைச்சுது."

"நான் வேணாம்னு சொல்லலம்மா. பின்னாடி வர்றதையும் யோசிங்கன்னு சொல்றேன்."

"பின்னாடி வர்றதை அப்புறம் பார்க்கலாம். எனக்கு ஆம்புலன்ஸ் முன்னாடி வரணும்."

பிரேக் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு வரைகிற விதிகளைச் சொல்லிக் கொடுத்தார். தரையில் இருப்பதை வரைய வேண்டும் என்பது அவர்கள் கூட்டத்தின் முதல் விதி, ஊர்க்காரர்கள் எப்படிக் கூப்பிடுகிறார்களோ அதையே பெயராகப் போட வேண்டும் என்பது இரண்டாவது. கோட்டை நாத்தனார் வரைந்தாள். பெயரை நான்தான் போடுவேன் என்று காத்தக்கா பிடிவாதம் பிடித்தாள். அவள் போனிலேயே ஒரு கணக்குத் திறந்தார்கள், அதற்கும் காத்தக்கா என்றே பெயர் வைத்தார்கள். கிரீஸ் விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, திருட்டு ரோடு என்று அடித்தாள். திரையில் அந்தப் பெயர் கோட்டின்மேல் படுத்திருந்ததைப் பார்த்து அவளுக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை. வந்த வண்டிக்காரர்களிடமெல்லாம் காட்டினாள்.

ஆம்புலன்ஸ் வாசலுக்கு வந்தது. குரல், திருட்டு ரோட்டில் இடப்புறம் திரும்பவும் என்று சொன்னபோது ஓட்டுநர் பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டி அவளிடம் விசாரித்தாராம். அந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி அவள் புருஷன் பல நாள் சிரித்தார். கேஸ் சிலிண்டர் வந்தது, கூரியர் வந்தது, பிரசவத்துக்கு வண்டி வந்தது. வேறு என்ன வேண்டும்?

பிரேக் சொன்னது பலிக்க ரொம்ப நாள் ஆகவில்லை. ஆலை நிலத்தை ஒரு கிடங்குக் கம்பெனி வாங்கியது. ரோடு இருக்கிற இடமும் எங்களுடையதுதான், காலனிக்காரர்கள் ஆக்கிரமித்திருக்கிறார்கள் என்று கம்பெனி மனுக் கொடுத்தது. அதிகாரி ஒருவர் இரண்டு தரப்பையும் விசாரணைக்குக் கூப்பிட்டார். நீளமான மேஜை, ஆடுகிற மின்விசிறி, சுவரோரம் பெஞ்சில் காலனிக்காரர்கள். கம்பெனியின் வக்கீல் நல்ல மனிதர் போலத்தான் இருந்தார், சட்டையில் ஒரு சுருக்கம் கிடையாது. வேறு எந்தப் பத்திரத்தையும் எடுக்கவில்லை. போனை எடுத்து, வரைபடத்தைத் திறந்து, அதிகாரி முன்னால் வைத்தார்.

"சார், இது நாங்க வரைஞ்சது இல்ல. அவங்களே வரைஞ்சு, அவங்களே பேரும் வெச்சிருக்காங்க. என்ன பேர்னு நீங்களே படிங்க."

அதிகாரி படித்தார். உதட்டைக் கடித்துக்கொண்டார். பக்கத்தில் இருந்த எழுத்தர் எட்டிப் பார்த்துவிட்டுக் குபீரென்று சிரித்தார். பெயரைப் போட்டவர் யார் என்றுகூட அதில் இருக்கிறது சார் என்று சொல்லி, வக்கீல் காத்தக்கா என்று நிதானமாக வாசித்தார். அவளுக்கு முகம் பற்றிக்கொண்டு எரிந்தது. தன் வாயாலேயே தன் கழுத்தில் சுருக்குப் போட்டுக்கொண்டதைப் போல உட்கார்ந்திருந்தாள். அடுத்த விசாரணைக்குத் தேதி கொடுத்து அனுப்பினார்கள்.

காலனியில் அன்று நடந்ததை விசாரணை என்று சொன்னால் அது சின்ன வார்த்தை. சும்மா கிடந்த ரோட்டைப் படம் போட்டுக் காட்டிக் கொடுத்துவிட்டார்கள் என்று ஆளாளுக்குப் பாய்ந்தார்கள். போட்டபோது இதே ஆட்கள்தான் அவள் போனை வாங்கி வாங்கிப் பார்த்து மெச்சினார்கள். காலனிச் சங்கத்துச் செயலாளரான டீக்கடைக்காரர் ஒரு யோசனை சொன்னார். எல்லாவற்றையும் உடனே அழித்துவிட வேண்டும், விசாரணையில் கேட்டால் யாரோ விஷமி போட்டது, எங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிட வேண்டும். அழித்தாலும் யார் எப்போது போட்டது, யார் எப்போது அழித்தது என்பதெல்லாம் அங்கேயே இருக்கும், மறைக்க முடியாது என்று நாத்தனார் விளக்கினாள். அப்படியானால் வரைபடம் வரைகிற கூட்டத்துப் பெண்ணான இவளே போட்டாள் என்று சொல்லிவிடலாம், இவள்தான் இந்தக் காலனியில் குடியில்லையே என்று நாத்தனாரைக் கை காட்டினார் செயலாளர். பழியைத் தூக்கிப் போட ஒரு தலை கிடைத்ததில் எல்லோருக்கும் நிம்மதி.

காத்தக்கா அங்கே ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாத்தனார்மேல்தான் எரிந்து விழுந்தாள். நீ வந்து இந்த வேலையை ஆரம்பிக்காமல் இருந்திருந்தால் இது நடந்திருக்குமா, இனிமேல் என் வீட்டு விஷயத்தில் விரலை வைக்காதே என்றாள். அநியாயம்தான். சொல்லும்போதே அநியாயம் என்று அவளுக்குத் தெரியும், தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. நாத்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டு செருப்பை மாட்டினாள். கட்டிலிலிருந்து புருஷன் குரல் கொடுத்தார்.

"இங்க பாரு, கொஞ்சம் வால்வைத் தளர்த்து. பாப்பா கோடுதான் போட்டா. பேரு போட்டது யாரு?"

அவள் அடுப்பைப் பற்ற வைத்தாள். நாத்தனார் போய்விட்டாள்.

இரண்டாம் விசாரணையில் அதிகாரி நேராகக் கேட்டார், இந்தக் காத்தக்கா யார் என்று. செயலாளர் அவளைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினார், சொல்லாதே என்று. அவள் எழுந்தாள்.

"நான்தான் சார். பேரும் நான்தான் போட்டேன்."

வக்கீல் புன்னகைத்தார். ஒப்புக்கொண்டாயிற்று, இனி என்ன என்கிற மாதிரி போனைப் பையில் போட்டார். அந்தப் புன்னகைதான் அவளைக் கிளப்பிவிட்டது.

"சார், பச்சைக் குழந்தையைத் திருட்டுப் பயலேன்னு கொஞ்சறோம். அது யார் வீட்டுப் பூட்டை உடைச்சுது? அப்பனுக்குத் தெரியாம திருட்டு தம் அடிக்கிறான், அவன் சிகரெட்டையா திருடினான்? திருட்டு ரயில் ஏறி வந்தான்னு சொன்னா, ரயிலைத் தூக்கிட்டு வந்துட்டான்னா அர்த்தம்? யாருக்கும் தெரியாம ரோடு போட்டோம், அதனால திருட்டு ரோடு. வார்த்தை தெரியாத மாதிரி இவர் ஏன் நடிக்கிறார்?"

எழுத்தர் மறுபடியும் சிரித்தார், இந்த முறை அவள் பக்கம். ஆனால் வக்கீல் சளைத்தவர் இல்லை.

"டிக்கெட் எடுக்காம ரயில் ஏறினதும் குற்றம்தானேம்மா?"

அறை முழுக்கச் சிரித்தது. காலனிக்காரர்கள் சிலரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் அவள் கண்ணுக்குத் தெரிந்தது நடைமேம்பாலப் படியும், சாய்ந்த நாற்காலியும், கம்பியைப் பிடித்த கையும்தான்.

"குற்றம்தான். அபராதம் போடுங்க, கட்டறோம். அதுக்காக ரயிலை நடுவழியில நிறுத்தி, உள்ள இருக்கிற நோயாளியையும் சேர்த்து இறக்கி விட்டுடுவீங்களா?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. அதிகாரி பேனாவை மூடிவிட்டு, மறுபடி திறந்தார். நிலம் யாருடையது என்பதைக் கோர்ட்தான் சொல்ல வேண்டும், அதுவரை ரோட்டை யாரும் அடைக்கக் கூடாது, யாரும் அகலப்படுத்தவும் கூடாது என்று எழுதினார். காலனிக்காரர்கள் வெளியே வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். செயலாளர், நான் அப்போதே சொன்னேனே என்றார். எதை எப்போது சொன்னார் என்று யாருக்கும் தெரியவில்லை. வராந்தாவில் வக்கீல் அவளைக் கடந்து போகும்போது நின்றார்.

"நல்லா பேசறீங்கம்மா. ஆனா ரோட்டை அடைக்கணும்னு எங்களுக்கு அவசியமே இல்ல."

மரியாதையாகத்தான் சொன்னார். அவளுக்கு அது புரியவில்லை. ஜெயித்த மிதப்பில் புரிந்துகொள்ளவும் தோன்றவில்லை.

கொஞ்ச நாளில் ரோட்டு முனையில், அவள் கடைக்குப் பக்கத்தில், கம்பெனி ஒரு இரும்புப் பலகை நட்டது. தனியார் இடம், அனுமதியின்றி நுழைவோர்மீது சட்ட நடவடிக்கை எடுக்கப்படும் என்று சிவப்பு எழுத்து. ரோடு திறந்துதான் கிடந்தது. சங்கிலி இல்லை, கேட் இல்லை. அதிகாரி உத்தரவை அவர்கள் ஒரு எழுத்துக்கூட மீறவில்லை. பலகைதானே, கிடந்துவிட்டுப் போகிறது என்று காலனிக்காரர்கள் அதில் சைக்கிளைச் சாய்த்து வைத்தார்கள்.

அடுத்த ஆஸ்பத்திரி நாளில் ஆம்புலன்ஸ் வரவில்லை. அவள் கடையை மூடிவிட்டு வீட்டில் காத்திருந்தாள். புருஷனுக்கு ஏற்கெனவே கால் வீங்கி, முகம் உப்பியிருந்தது. போன் அடித்தது. ஓட்டுநர், நான் வந்துவிட்டேன், நீங்கள் எங்கே என்றார். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார். சுற்றிக்கொண்டு ரோட்டு வழியாக வரச் சொன்னால் மாட்டேன் என்றார். அது தனியார் வழி என்று போன் காட்டுகிறதாம், நுழைந்தால் லைசென்ஸுக்கு ஆபத்தாம். மறுபடியும் நாற்காலி, மறுபடியும் படி. ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தபோது அவருடைய படுக்கையை அடுத்த ஆளுக்குக் கொடுத்திருந்தார்கள். நாளைக்கு வாருங்கள் என்றார்கள்.

அன்று முழுக்க அவர் படுக்க முடியாமல் உட்கார்ந்தே இருந்தார். ஒவ்வொரு மூச்சையும் எங்கிருந்தோ இழுத்து இழுத்துக் கொண்டுவந்தார். பேச்சு இல்லை, கிண்டல் இல்லை. அந்த வீட்டில் அவர் கிண்டல் இல்லாமல் இருந்ததே கிடையாது. அவளுக்குப் பயம் வந்தது. பயம் வந்தால் அவளுக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும், ஆனால் அன்று யார் வாசலில் போய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. ரோட்டை ஒருவனும் அடைக்கவில்லை. ஒரு வார்த்தையை மாற்றினார்கள், அவ்வளவுதான். வக்கீல் வராந்தாவில் சொன்னது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நாத்தனாரைக் கூப்பிடக் கை வரவில்லை. கை வராவிட்டாலும் கூப்பிட்டாள். அவள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தாள். மன்னிப்பு, சமாதானம் எதுவும் பேசிக்கொள்ளவில்லை. அண்ணன் முதுகைத் தடவிக்கொண்டே போனைத் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னாள், கம்பெனிக்காரர்கள் கணக்குத் திறந்து ரோட்டைத் தனியார் வழி என்று மாற்றியிருக்கிறார்கள், ஆதாரமாகப் பலகையைப் படம் எடுத்துப் போட்டிருக்கிறார்கள். நாம் மாற்றினால் அவர்கள் திரும்ப மாற்றுவார்கள். தரையில் என்ன எழுதி நிற்கிறதோ அதுதான் செல்லும். பிரேக்கைப் போனில் கூப்பிட்டார்கள். அப்போதே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்காகவே அவளுக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

"அவங்க விதிப்படிதான் செஞ்சிருக்காங்கம்மா. ஆனா தரையில அவங்க பலகை மட்டும்தான் இருக்கணும்னு ஒரு விதியும் இல்ல. அதிகாரி உத்தரவு உங்க கையில இருக்கே. அதை எழுதி நடுங்க. நாங்க வந்து படம் எடுக்கறோம்."

மறுநாள் அதே படி வழியாகவே அவரைத் தூக்கிப் போய், ரத்தம் சுத்தம் செய்து கூட்டி வந்தார்கள். வந்ததும் அவள் பழைய தகரக் கதவு ஒன்றை வெட்டி அடித்து நிமிர்த்தினாள். வெள்ளை அடித்துக் கறுப்பில் எழுதத் தொடங்கினாள். அப்போது செயலாளர் வந்து நின்றார். பெயரையாவது கௌரவமாக வைத்துத் தொலைக்கலாமே, மக்கள் சாலை என்று போடலாமே, கேட்கவும் நன்றாக இருக்கும் என்றார். அவள் தூரிகையை அவர் சட்டைக்கு நேராக நீட்டினாள்.

"நாம திருடலைன்னா பேரை எதுக்கு மாத்தணும்? மாத்தினா ஒப்புக்கிட்ட மாதிரி ஆகாதா?"

செயலாளர் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டு டீக்கடைக்குத் திரும்பினார். அவள் எழுதினாள். திருட்டு ரோடு. வழக்கு முடியும்வரை இந்த வழியை அடைக்கக் கூடாது என்று உத்தரவு. எல்லோரும் போகலாம். எழுத்துகள் கடைசி வரியில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. கம்பெனி பலகைக்குப் பக்கத்திலேயே குழி தோண்டி நட்டாள்.

பிரேக்கும் நாத்தனாரும் படம் எடுத்துப் போட்டார்கள். கம்பெனி ஆட்கள் மறுத்தார்கள். வரைபடம் வரைகிற கூட்டத்தில், எங்கெங்கோ ஊர்களில் உட்கார்ந்திருப்பவர்கள், இந்த ரோட்டைக் கண்ணால் பார்த்திராதவர்கள், சட்டம் தெளிவாகும்வரை ரோட்டையே எடுத்துவிடலாம் என்றார்கள், எடுக்கக் கூடாது என்றார்கள், புள்ளிக் கோடாகப் போடலாம் என்றார்கள். நாத்தனார் அவற்றை வாசித்துக் காட்டினாள். அவர்கள் யாருடைய புருஷனுக்குக் கால் வீங்கியிருக்கிறது என்று காத்தக்கா கேட்டாள். பதில் போட வேண்டாம் என்று நாத்தனார் போனை மூடிவிட்டாள். முடிவு வருவதற்குள் அடுத்த ஆஸ்பத்திரி நாள் வந்துவிட்டது.

இந்த முறை அவள் வீட்டில் காத்திருக்கவில்லை. நாத்தனாரை அண்ணன் பக்கத்தில் உட்காரவைத்துவிட்டு, தொண்டு நிறுவனத்துக்குப் போன் போட்டு ரோட்டு முனைக்கே வண்டியை அனுப்பச் சொல்லிவிட்டு, முனையில் போய் நின்றாள். ஆம்புலன்ஸ் வந்தது. ஓட்டுநர் புதியவர். முன்சக்கரம் மெயின் ரோட்டைவிட்டு இறங்கியதும் போனில் அந்தக் குரல், அனுமதி இல்லாத வழி, திரும்பிச் செல்லவும் என்றது. அவர் பிரேக்கை மிதித்தார். கண்ணாடி வழியாகச் சிவப்பு எழுத்தைப் படித்தார். கறுப்பு எழுத்தைப் படித்தார். மறுபடி சிவப்பைப் பார்த்தார். அவள் முன்கதவைத் திறந்து அவருக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

"அக்கா, ரெண்டு போர்டு இருக்கு. போன் வேற ஒண்ணு சொல்லுது. நான் எதை நம்பறது?"

"எதையும் நம்ப வேணாம். கீழ பாரு. ரோடு இருக்கா?"

அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, செங்கல்லும் சாம்பலும் இறுகிக் கிடந்த தரையைப் பார்த்தார்.

"இருக்கு."

"ஓட்டு."

குரல் மறுபடியும் திரும்பச் சொன்னது. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கியரைப் போட்டார்.